தொட்டிச் சுவரோரம் ஏழு கல்

28-4-63, ஞாயிறு

வெயில் தாங்கலை. மோட்டார் ஷெட் தகரம் காலை எட்டு மணிக்கே கை வைக்க முடியாத சூடு. தொட்டித் தண்ணீர் ஒரே பச்சை. அடியில் பாசி, கால் வைத்தால் வழுக்கல். மொத்தமும் தென்னைக்குத் திறந்துவிட்டாச்சு. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தது நானும் பெரியவள் சரசுவும். ஒன்பது வயசுக்கு நல்லாத் தேய்க்கிறாள். பாதி நேரம் ஆட்டம்.

தண்ணீர்க் கணக்கு:
நேற்று 31 அங்குலம்
மோட்டார் 2 மணி நேரம், இப்போது 20. இதற்கு மேல் வேண்டாம்
பிளீச்சிங் பவுடர் 2 கரண்டி, கரைத்துத் தெளிந்த பிறகு

அவருக்கு 20 போதாதாம். "நீச்சலடிக்கத்தான் கட்டினேன் புள்ள, கால் நனைக்கறதுக்கா?" கிணறு அறுபது அடி. அதில் பிள்ளைகளை இறக்கக் கூடாதென்றுதான் தரைக்கு மேலே நாலரை அடிச் சுவர் எழுப்பிக் கட்டினார். நல்ல எண்ணம்தான். ஆனால் சின்னவள் பொன்னிக்கு மூணு வயசு. தண்ணீர் சத்தம் கேட்டால் சோற்றை விட்டு ஓடுகிறாள். 20 அங்குலம் அவள் உயரத்தில் பாதிக்கு மேல்.

30-4, செவ்வாய்

மேகம் கூடி ஏமாற்றிவிட்டது. தொட்டிக்கு இன்று முதல்: குளித்து முடிந்ததும் மர ஏணியை எடுத்து ஷெட் ஆணியில் மாட்டுவது. நானே மாட்டுவது. யாரையும் நம்புவதில்லை. பிறகு தலை எண்ணுவது.

நங்கையா, அவருடைய அக்கா, கோபியிலிருந்து பஸ்ஸில் வந்தார், ஒரு சீப்பு கதலியோடு. அவருக்கு வந்ததும் கொல்லையைப் பார்க்க வேண்டும். தொட்டியைச் சுற்றி வந்தார். "ஏனம்மிணி, இத்தனை தண்ணி நிக்கற எடத்துல காவலுக்கு ஏழு கன்னிமாரு சாமி இல்லாம எப்படி? கொழந்தை இருக்கற ஊடு."

எனக்கும் உள்ளே இருந்த பயம்தான் அது. அவர் வாயால் கேட்டதும் பற்றிக்கொண்டது.

3-5, வெள்ளி

விரதம். பள்ளத்து ஓடையிலிருந்து ஏழு கல் பொறுக்கி வந்தோம், முழ உயரம். தொட்டி கட்டி மீந்த செங்கல்லை மூணு வரிசை அடுக்கி மேடை, சுவரை ஒட்டி. தரைத் தண்ணீர் தொடாத உயரம். கல்லுக்கு மஞ்சள், குங்குமம், அரளிப்பூ. பொங்கல் வைத்துப் படைத்தது.

சரசு: "ஏழு பேர்ல மூத்தவங்க யாரும்மா?"
நங்கையா: "எல்லாருக்கும் ஒரே வயசு. உன்னையாட்ட வாயாடி மட்டும் யாருமில்ல."

பொன்னியை நிறுத்தி நெற்றியில் திருநீறு பூசினேன். பாத்துக்கங்க தாயீ. அஞ்சு நாளாக இல்லாத நிம்மதி. இரண்டு வாய் கூடவே சாப்பிட்டேன்.

5-5, ஞாயிறு



மாலை 4. குளித்தாயிற்று. ஏணி ஆணியில். சரசு உள்ளே தலை துவட்டுகிறாள், பொன்னி பாயில் தூங்குகிறாள். எண்ணிவிட்டுத்தான் வற்றல் அள்ளப் போனேன். திரும்பினால் சுவர் மேல் பொன்னி. ஒரு கால் உள்ளே.

கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள். நடந்தே போனேன், ஓடவில்லை. பாவாடையைப் பிடித்து இழுத்தேன். "மீனும்மா" என்றாள். மீன் ஏது, வேப்பிலை.

ஏணி ஆணியில்தான். எப்படி ஏறினாள்? கால் கழுவும்போது பார்த்தேன், இரண்டு பாதமும் மஞ்சள். விரலிடுக்கில் குங்குமம். போய்ப் பார்த்தேன். நடுக் கல்லில் சின்னக் கால் தடம்.

ஏணியை எடுத்துவிட்டு நானே படி கட்டி வைத்திருக்கிறேன். முருகா.

6-5, திங்கள்

அவரிடம் சொன்னேன். "கொத்தனாரு கூட இத்தனை கச்சிதமாப் படி வெக்க மாட்டான்" என்று சிரித்தார். பிறகு பொன்னியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கல்லை நகர்த்தலாமா என்றேன். நங்கையாவுக்குக் கோபம். "கன்னிமாருதான் கொழந்தையப் புடிச்சு நிறுத்திப்போட்டாங்க. அதுக்குத்தான வெச்சது?"

"ஏத்திவிட்டதும் அவுங்கதானுங்களே நங்கையா." வாயில் வந்துவிட்டது.

"நட்ட சாமியை அசைச்சா குடும்பத்துக்கு ஆகாது. வேணும்னா தொட்டியை இடிச்சுப்போடு."

அவர்: "கட்டி மூணு மாசம்தானுங்கக்கா ஆச்சு!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீரைத் திறந்துவிடலாம். காலித் தொட்டியில் தலைகீழாக விழுந்தால்? சிமெண்டுத் தரை. நாள் முழுக்கப் பொன்னியை இடுப்பை விட்டு இறக்கவில்லை. இறங்க வேண்டுமென்று கடித்துவிட்டாள். கிள்ளினேன். பிறகு நானும் அழுதேன்.

7-5, செவ்வாய்

காற்று. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு போனேன். பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. கற்பூரம் மூணு தடவை அணைந்தது. நாலாவது தடவை நின்றது. உங்களை விரட்டலைங்க தாயீ, பத்தடி தள்ளித் தென்னையடியில் உக்காந்து பாருங்க. எனக்கு ஏதும் வருவதானால் எனக்கு மட்டும் வரட்டும்.

ஒவ்வொன்றாகத் தூக்கினேன். நங்கையா வெளியே வரவில்லை. உள்ளே பையில் துணி திணிக்கும் சத்தம்.

ஆறாவது கல்லுக்கு வந்தபோது பொன்னி பக்கத்தில். "சாமியை ஏம்மா தூக்கறே?"

"உன்னையத் தூக்கற மாதிரி வந்துறக் கூடாதுன்னுதான் சாமி."

அவளுக்குப் புரியவில்லை. ஏழாவதும் போனது. மேடைச் செங்கல்லும் ஒன்று விடாமல் எடுத்தாச்சு. பொன்னி சுவரில் கை வைத்து எக்கினாள். குதித்துப் பார்த்தாள். எட்டவில்லை. தரையில் உருண்டு அழுகிறாள். அழட்டும்.