சீட்டில் இருந்த இரண்டு எழுத்து

பாய்,

இன்று பீரோவில் ஒரு புதுச் சட்டை அகப்பட்டது. உங்கள் கடையில் எடுத்தது. காலரில் தொங்கிய விலைச் சீட்டின் மூலையில் உங்கள் கையால் எழுதிய இரண்டு எழுத்து. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடைக்காரர்கள் அடக்க விலையை அப்படித்தான் எழுத்தில் மறைத்து வைப்பார்கள். வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர், "இது இன்னா எழுத்து பாய்?" என்று கேட்டார். "அது எனக்குங்க. உங்களுக்கு விலை மேல இருக்குது" என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதே பழக்கத்தோடுதான் செல்போனில் பங்கு வாங்க உட்கார்ந்தீர்கள். ஒரு துணி மில்லின் பங்கு. "இருவது வருசமா அந்த மில்லு துணிய தொட்டுப் பாத்துகினு இருக்கேன் சார், சாயம் போவாது" என்றீர்கள். சந்தையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சுருக்கப் பெயர், அதன் வாலில் இரண்டு எழுத்து. நீங்கள் வைத்திருந்த மற்ற பங்குகளுக்கெல்லாம் இ.க்யூ. என்று இருந்தது. இதற்கு மட்டும் பி.இசட்.

"இது ஏன் வேற மாதிரி இருக்குது? யாரையாவது கேளுங்க பாய்" என்றேன்.

"விக்கிறவன் சீட்டுல ஆயிரம் எழுதுவான். அத நோண்டுறது வியாபாரிக்கு அழகில்ல. நீங்க ஆபீஸ் வேலைய பாருங்க சார்."

கடை நிறைய ஆட்கள். எனக்குச் சுருக்கென்றது.

அன்று ராத்திரியே வீட்டில் தேடிப் பார்த்தேன். சந்தையின் விதிகளை மதிக்காத கம்பெனிக்குப் போடும் அடையாளம் அது. வாங்குகிறவன் உஷாராகட்டும் என்றே போட்டது. விற்கிறவன் ரகசியமில்லை பாய், உங்களுக்காகவே எழுதியது! ஒரு நூல் பிரிந்திருந்தால் பத்து மடிப்பையும் உதறிப் பார்க்கிற மனுஷன், அங்கே போய் மரியாதை பார்த்தீர்களே.

நான் மட்டும் என்ன கிழித்தேன்? தெரிந்ததைச் சொல்லாமல், ரோஷத்தில் ஒரு வாரம் உங்கள் கடைப் பக்கமே வரவில்லை. அந்த வாரம்தான் உங்கள் மகள் ஷமீமின் நர்சிங் படிப்புக்கு வைத்திருந்ததையும் அதில் போட்டீர்கள். பிறகு அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள், விற்கவும் வழியில்லை. மூன்றாம் மாதம் நீங்களும் போய்விட்டீர்கள்.

சட்டை எனக்குச் சின்னதாகிவிட்டது. மாற்றலாம் என்று கடைக்குப் போனேன். காலேஜில் இருக்க வேண்டிய ஷமீம் கல்லாவில் இருந்தாள். சீட்டைப் பார்த்ததும் அடக்க விலையைச் சொல்லிவிட்டாள்.

"இத அத்தா சொல்லிக் குடுத்தாரு மாமா. செல்லுல இருந்த அந்த ரெண்டு எழுத்துதான் இன்னான்னு தெரியாமலே பூட்டாரு. உங்களுக்காவது அப்ப தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

வேறு சட்டை கொடுத்தாள். பழைய சீட்டை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். என் பையில் இருக்கிறது. உங்கள் மேல் எனக்குள்ள கோபத்தை ஊரெல்லாம் சொல்லியாயிற்று, பாய். அவளிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.