யார் வாயால் கேட்டது

1943 பிப்ரவரி 6, சனி

காலையில் பத்தாம் நம்பர் காட்டில் புல் வெட்டு. மழை. கிழங்கு போதவில்லை. சின்னையா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன், விடியும் முன்னே எழுந்து ஓடுகிறவன், அவன் தட்டில் கூடுதலாக வைத்தேன். மருமகள் பார்த்தாள். பார்க்கட்டும். என் மகன்.

இந்த மருமகள் பிரேமாவதி இப்போது சாயங்காலம் வீட்டில் தங்குவதில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை மூடிக்கிடக்கிறது அல்லவா, அதற்குள் நவமணி டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீசு சொல்லிக்கொடுக்கிறாள். சப்பான்காரன் காதில் விழுந்தால் தோலை உரிப்பான். ஆனாலும் ஏழெட்டுப் பேர் போகிறார்கள். வெள்ளைக்காரன் திரும்பி வந்தால் இங்கிலீசு தெரிந்தவனுக்குத்தான் ஆபீசு வேலையாம். மருமகள் படித்துவிட்டு வந்து புருஷனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பால்மரம் வெட்டுகிறவனை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஆக்கப் போகிறாளாம்.

நவமணி நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரஸர் பெண்டாட்டி. கூலிமில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். துரைமார் ஓடியபோது டிரஸரும் கூடவே சிங்கப்பூருக்கு ஓடினான், சேதி இல்லை. ஆஸ்பத்திரி வீட்டில் தனியாகக் கிடக்கிறாள். தலைக்கனம் மட்டும் குறையவில்லை.

பிப்ரவரி 10, புதன்

புதுப் பாடம் நடக்கிறது. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் எடுத்துச் சொல்வது எப்படி என்று. அடுப்படியிலும் மருமகளுக்கு அதே ஜபம்: 'ஹீ செட் தட், ஷீ செட் தட்.' இதற்கு ஒரு பாடமா? எங்கள் லயத்து வீடுகளின் குழாயடியில் வந்து நின்றால் போதாதா?

காகிதமும் இல்லை, சிலேட்டும் இல்லை. அதனால் டீச்சர் ஒரு வழி வைத்திருக்கிறாள். ஒவ்வொருவரும் அன்றைக்குத் தோட்டத்தில் காதில் விழுந்த ஒரு பேச்சை மனசில் கொண்டுபோக வேண்டும். பேசியவர் பேசியபடியே தமிழில் சொல்ல வேண்டும். டீச்சர் அதை உரக்கத் திருப்பிச் சொல்வாள். அப்புறம் எல்லாரும் 'அவர் இப்படிச் சொன்னார்' என்று இங்கிலீசில் மாற்ற வேண்டும்.

நேற்று மருமகள் கொண்டுபோனது என் பேச்சு. 'என் மகன் தட்டுல கை வச்சா கையை முறிச்சுப்புடுவேன்.' டீச்சர் அதை என்னைப்போலவே சொன்னாளாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பக்கத்து வீட்டுச் சிகப்பி வந்து சொன்னாள்: "மருதம்மாக்கா, ஒங்க பேச்சு இங்கிலீசுல ரொம்ப அழகா இருக்குலா!"

சிரிக்கட்டும். இந்தத் தோட்டத்தில் ஒரு சண்டை வந்து கோயிலடியில் கூட்டம் போட்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். யார் சொன்னது, என்ன சொன்னது? மருதம்மா சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. 'யார் வாயால கேட்டே?' என்று நான் கேட்டால் அத்தனை பேரும் அடங்குவார்கள். மலாயாவுக்குக் கப்பலில் வந்த நாளில் என்னை ஏசியவள் பேச்சுகூட என்னிடம் அப்படியே இருக்கிறது, அவள் மூக்கால் பேசியது உட்பட.

பிப்ரவரி 14, ஞாயிறு

சின்னையாவின் அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். கிழங்கைத்தான் படைத்தேன்.

காய்ச்சலில் அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கொய்னா மருந்து கேட்டு ஆஸ்பத்திரி வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நவமணி உட்கார்ந்திருந்தாள். அலமாரியில் மருந்துப் போத்தல் என் கண்ணுக்கே தெரிந்தது. என்னைப் பார்த்தாள். என்னிடம் பேசவில்லை. வேலைக்காரியிடம் சொன்னாள்: "இல்லைன்னு நான் சொன்னேன்னு சொல்லு." அவள் வந்து, "அம்மா இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

என் காதில் விழுந்ததையே எனக்கு ஆள் விட்டுச் சொன்னாள்! மருந்து கொடுக்காதது ஒரு பக்கம். என் முகத்தைப் பார்த்து ஒரு 'இல்லை' சொல்லக்கூட நான் ஆகாதவளா?

பிப்ரவரி 27, சனி

பேத்தி சந்திராவையும் மருமகள் பாடத்துக்கு இழுத்துப் போய்விட்டாள். கூட்டிவரப் போனவள் வெளியே பலகை இடுக்கோரம் நின்றேன்.

கிராணி சீனிவாசகத்தின் தம்பி மனோகரன் எழுந்தான். மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான்: "அடுத்த தீபாவளிக்கு வெள்ளைக்காரன் பங்களாவுல குந்தியிருப்பான். சப்பான்காரன் கோவணத்தோட ஓடுவான்."

"யார் சொன்னது இது?" என்றாள் டீச்சர்.

"நாந்தான் டீச்சர். காலையில அண்ணன்கிட்ட சொன்னேன்."

சிரிப்பு. டீச்சர் முகம் வெளுத்தது, பார்த்தேன். ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. அந்தப் பேச்சை உரக்கத் திருப்பிச் சொன்னாள். பிறகு அத்தனை பேரும் இங்கிலீசில் கத்தினார்கள். வெளியே வரும்போது டீச்சர் என்னைப் பார்த்தாள். ஒரு தலையசைப்புகூட இல்லை.

மார்ச் 15, திங்கள்

கரங்கான் பாசாரில் உப்புக்கு வரிசை. எனக்கு முன்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "எங்க தோட்டத்து டீச்சரே சொல்லிட்டாங்க, தீபாவளிக்கு வெள்ளைக்காரன் வந்துருவான்." மனோகரன் பேர் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. நான் திருத்தவில்லை.

ஏப்ரல் 2, வெள்ளி

நாளைக்குச் சப்பான் அதிகாரி வருகிறான். அந்தத் தீபாவளிப் பேச்சைப் பேசிய ஆளைப் பிடிக்க. ஆள் கிடைக்காவிட்டால் தோட்டத்துக்கே அரிசி இல்லையாம். 'எங்க ஆளுங்க மருதம்மா வார்த்தையைத்தான் ஏத்துக்குவாங்க, அவளைக் கேளுங்க' என்று கிராணி சொல்லி வைத்திருக்கிறார்.

மத்தியானம் ஆட்களை வேலை வாங்கும் தண்டல் வீரசாமி வந்தான். சுற்றும் முற்றும் பார்த்தான்.

"மருதம்மா, கிராணி ஒரு பேச்சு சொல்லச் சொன்னாரு. அவரு தம்பி பேரு நாளைக்கு ஒன் வாயில வரக்கூடாதாம். வரலேன்னா, சயாமுக்கு ஆள் எடுக்கறப்ப ஒன் மகனை எடுக்க மாட்டாங்களாம்."

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்கு லாரி வந்துவிட்டது. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

"கிராணியே சொன்னாரா?"

"சொன்னாருலா! நான் என்ன, கனவு கண்டுட்டா வந்தேன்?"

சாயங்காலம் நவமணி வந்தாள். காலில் செருப்பில்லை. வாசலில் நின்றாள்.

"மருதம்மாக்கா, அன்னிக்கு நீங்க வெளியில நின்னீங்க. அந்தத் தம்பி சொன்னதை நான் திருப்பித்தானே சொன்னேன்? அவன் பேரைக்கூடச் சொல்ல வேணாம். அது டீச்சர் பேச்சு இல்லை, பாடத்துக்குச் சொன்னதுன்னு மட்டும் சொல்லுங்க. என்னைக் கொன்னுடுவாங்க அக்கா."

நான் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. மருமகளைக் கூப்பிட்டேன்.

"மருதம்மா வீட்டுல இல்லைன்னு சொல்லு."

"அத்தே! அவங்க ஒங்க எதிர்லதானே நிக்கிறாங்க!"

"நான் சொன்னதைச் சொல்லுடி. பாடம் படிச்சவதானே நீ?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிமிர்ந்து நவமணி முகத்தைப் பார்த்தேன், தைக்கிறதா என்று. ம்ஹூம். அவளுக்கு நினைவே இல்லை. அந்த வாசல், கொய்னா, நான் நின்றது, ஒன்றுமே. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 3, சனி

காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். அதிகாரி நாற்காலியில். அவனுக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். நாங்கள் சொல்வதைக் கிராணி மலாயில் சொன்னார். மனோகரன் அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றான், மீசை தொங்கிப்போய்.

"இந்தப் பேச்சை யார் வாயால கேட்டே?" என்றார் கிராணி.

"டீச்சர் வாயால கேட்டேன்."

"என்ன கேட்டே?"

சொன்னேன். ஒரு சொல் குறையாமல், நவமணி குரலிலேயே, அவள் முடிக்கும்போது இழுப்பாளே, அந்த இழுப்போடு. கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவு அச்சாக இருந்தது.

நவமணி கத்தினாள்: "முழுசாச் சொல்லுங்க அக்கா! யார் சொன்னதுன்னு நான் கேட்டேனே, அதையும் சொல்லுங்க!"

பக்கத்தில் பிரேமாவதி வாயைத் திறந்தாள். அவள் கால் விரலைக் குதிகாலால் மிதித்து அழுத்தினேன். ரத்தம் வந்தது, அப்புறம் பார்த்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார் கிராணி.

"கேட்டதுக்குச் சொல்லிட்டேன்."

அதிகாரி எழுந்து நவமணியை அறைந்தான். அவள் மூக்குக்கண்ணாடி களத்தில் விழுந்தது. மறுபடி அறைந்தான். மயிரைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். கண்ணாடியை ஒருவரும் எடுக்கவில்லை.

பொய் சொன்னேனா? இல்லை. ஒரு சொல் கூட்டினேனா? அதுவும் இல்லை.

ஏப்ரல் 4, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 12, சனி

சின்னையாவை ஏற்றிவிட்டார்கள்.

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டார்கள். முதல் பேரே அவன்தான். மனோகரன் பேர் இல்லை. கிராணி வாசலுக்கு ஓடினேன்.

"எடுக்க மாட்டேன்னு சொன்னீங்களே ஐயா!"

"நானா? யார்கிட்ட சொன்னேன்?"

"தண்டல்கிட்ட சொல்லி விட்டீங்க!"

"அப்ப தண்டலைப் போய்க் கேளு."

தண்டல் காலைப் பிடித்தேன். "அவரு சொன்னதைத்தான் நான் சொன்னேன். இப்ப இல்லைங்கிறாரு, நான் என்ன செய்ய?" என்று காலை உதறினான்.

அய்யோ, நான் போயி ஒருத்தன் சொன்னதா இன்னொருத்தன் சொன்னதை நம்பிட்டேனே! கிராணி வாயால கேட்டியாடி மருதம்மா? கேட்கலையே! ஊரையே கேக்குறவ, ஒன்னை ஒரு தரம் கேட்டுக்கலையே!

லாரி நகரும்போது மகன் என்னைப் பார்த்து என்னவோ கத்தினான். இஞ்சின் சத்தம். 'அம்மா' மட்டும்தான் விழுந்தது.

1944 ஜனவரி 16, ஞாயிறு

பொங்கல் வைக்கவில்லை. மகன் போன நாளிலிருந்து மருமகள் என்னிடம் பேசுவதில்லை. ஒரே அறை. நடுவில் பேத்தி. "பாட்டி, சாப்பிட்டீங்களான்னு அம்மா கேக்குறாங்க." நானும் சளைத்தவளா? "சாப்பிட்டேன்னு சொல்லு."

நவமணி ஜெயிலில் செத்துவிட்டாள் என்கிறார்கள். யார் வாயால் கேட்டது என்று நான் கேட்கவில்லை.

1945 ஜனவரி 3, புதன்

என் மகன் இல்லை.

ஜனவரி 17, புதன்

இன்றைக்குத்தான் கை எழுதுகிறது. சயாமிலிருந்து திரும்பிய பக்கிரிசாமி என்கிறவன், பாலிங்கில் இருக்கும் தன் ஆட்களிடம் போகிற வழியில், கரங்கான் பாசாரில் மருமகளைக் கண்டு சொல்லியிருக்கிறான். காலரா. சின்னையா கிடந்த கொட்டகையிலேயே அவனும் கிடந்தானாம். கடைசிவரைக்கும் பேச்சு இருந்ததாம், வீட்டுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினானாம். மருமகள் இதைச் சிகப்பியிடம் சொன்னாள், சிகப்பி என்னிடம் சொன்னாள். எனக்கு என்ன சொன்னான் என்று சிகப்பிக்குத் தெரியவில்லை.

பாலிங்குக்கு ஆள் விட்டேன். பக்கிரிசாமி அங்கே போய்ச் சேர்ந்த வாரமே செத்துவிட்டானாம்.

இன்று பேத்தியிடம் சொன்னேன்: "அப்பா பாட்டிக்கு என்ன சொன்னாங்கன்னு அம்மாவைக் கேளு."

மருமகள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கையில் வளையல் இல்லை. உதடு ஒரு தரம் அசைந்தது. என்னவோ இருக்கிறது, எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தலை நிமிரவில்லை.

"ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லு."

பிள்ளை என் பக்கம் திரும்பியது. "பாட்டி, ஒண்ணும் சொல்லலைன்னு அம்மா சொல்றாங்க."

"கேட்டுச்சு" என்றேன்.

சாப்பிடும்போது என் பங்குக் கிழங்கில் பெரிய துண்டை எடுத்து மருமகள் தட்டில் வைத்தேன். அவள் அதை எடுத்துப் பேத்தி தட்டில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.