சிவப்புக் கோடு இல்லாத ரிஜிஸ்டர்

ஜூலை 3, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை.

பள்ளிக்கூடம் மூடியது எந்த வருஷம் என்று ஒருத்தி வந்து கேட்டாள். எண் தெரியாது. எங்கள் சந்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்த வருஷம். பெரியவனுக்கு அம்மை போட்ட வருஷம். முதல் மழையிலேயே புளியமரம் சாய்ந்து பால்காரன் எருமை செத்ததே, அந்த வருஷம்.

பெயர் வந்தனா. நாற்பது வயதிருக்கும். இங்கேயே, ஆகுர்டியில் பிறந்த தமிழ்ப் பெண். காலேஜில் பாடம் நடத்துகிறாளாம். கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளைப் பற்றி ஆராய்ச்சி பண்ணிப் புத்தகம் எழுதுகிறாளாம். நான் அங்கே பத்தொன்பது வருஷம் பியூன்.

பள்ளி இருந்த இடத்தில் இப்போது பில்டர் பலகை. இவள் அவன் ஆளோ? பையைப் பார்த்துக்கொண்டேன். லேப்டாப், குடை, சாப்பாட்டு டப்பா. டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்றாள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"அங்கிள், லைப்ரரியில பழைய ரிப்போர்ட் கெடச்சுது. பிள்ளைங்க வரல, அதனால மூடியாச்சுன்னு ஒரே லைன். அது சஹியா, சரிதானா?"

"எவன் சொன்னான்? முப்பத்தொரு பேர் வந்தாங்கம்மா."

"உங்ககூட வேலை செஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"அல்லாரும் பூட்டாங்க."

பொய். அங்கே பாடம் நடத்திய டீச்சர் அடுத்த சந்தில்தான் இருக்கிறார். முன்பின் தெரியாதவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? இதிலும் பெயர் சொல்ல மாட்டேன். நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. யாரிடம் போய்ச் சொல்லுமோ. வீட்டுப் பேச்சில் பேசினால் உளறிக் கொட்டுகிறது. அதனால் சபையில் ஜெபம் பண்ணுகிற தமிழில் சொல்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

மழை இல்லை. மறுபடி வந்தாள். பிஸ்கட் கொண்டுவந்தாள். எதற்கு பிஸ்கட்?

பிள்ளைகள் பெயர் கேட்டாள். தினம் காலையில் மணி அடித்துவிட்டு வாசலில் நின்று கேட்ட வரிசை, மறக்குமா? ஆரோக்கியம், மேரி, காஜா மொய்தீன், சின்ன மேரி... முப்பத்தொன்றும் சொன்னேன். முந்தின வருஷ ரிஜிஸ்டரை யாரோ படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்களாம். அதோடு ஒத்துப் பார்த்தாள்.

"ஒருத்தர்கூட தப்பல, அங்கிள்!"

அப்புறம் கடைசி ரிஜிஸ்டரைக் காட்டினாள். ஜூன் மாதம். எல்லாக் கட்டத்திலும் ஒரே குறி. எல்லாரும் ஆப்சென்ட் என்று அர்த்தமாம்.

எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்த உடனே தெரிந்தது. "இது எங்க ரிஜிஸ்டர் இல்லம்மா."

"எப்படிச் சொல்றீங்க?"

மாதம் பிறக்கும் முன்னாலேயே ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களுக்கு மேலிருந்து கீழே சிவப்பு மையில் கோடு போடுவது என் வேலை. ஸ்கேல் வைத்துப் போடுவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு மாதம் தவறியதில்லை. இதில் ஒரு கோடும் இல்லை. ஞாயிறன்றும் ஆப்சென்ட்! அவசரத்தில் ஒரே மூச்சில் எழுதியது.

அடியில் இரண்டு கையெழுத்து, ஒரு கைநாட்டு. கைநாட்டின் நடுவே வெள்ளையாக ஒரு கீற்று. இடது கட்டைவிரலைப் பார்த்தேன். சோடா பாட்டில் கிழித்த தழும்பு. என்னுடையதேதான்.

"இன்னா எழுதியிருக்கு?"

"'ஜூன் முழுவதும் ஒரு பிள்ளையும் வரவில்லை. இதற்குப் பியூன் எபினேசர் சாட்சி.'"

கூரை ரிப்பேருக்கு மனு என்று டீச்சர் படித்துக் காட்டினார். அதை நம்பிக் கைநாட்டு வைத்தேன். ஹெட்மாஸ்டரும் பக்கத்தில் நின்றார்.

வந்தனா சொன்னாள்: "கோடு விஷயம் நான் எழுதறேன். ஆனா பேப்பர்ல உங்க அங்கூட்டா, கைநாட்டே இருக்கே. இன்னொருத்தர் சொல்லலேன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

அந்த முப்பத்தொன்றில் பாதிக்கு அதோடு படிப்பு போயிற்று. காஜாவை டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற இடத்தில் பார்த்தேன். அவன் வரவே இல்லை என்பதற்கு நான் சாட்சி. அது இவள் புத்தகத்திலும் ஏறிவிட்டால்?

ஜூலை 5, சனி

வந்தனா மட்டும் சரியாகப் படித்தாள் என்று எப்படி நம்புவது? அவள் கொடுத்த நகலை ஹமீது பாய் கடைக்குக் கொண்டுபோனேன். தமிழ்ப் பேப்பர் படிக்கிறவன்.

"அண்ணே, படிக்கத் தெரியாத ஒங்க பேரு நெட்டுல கெடக்குது. படிச்ச எம்பேரு கடை போர்டுலயே அழிஞ்சு போச்சு."

"வாய மூடிக்கினு படிடா."

வாயை மூடிக்கொண்டு எப்படிப் படிப்பது என்றான். பிறகு படித்தான். அவள் சொன்னதேதான், ஒரு சொல் மாறவில்லை. அவன் சிரிக்கவில்லை.

ஒரு காகிதத்தை இரண்டு பேரிடம் காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் எனக்குப் படித்துச் சொல்ல ஒரே ஆள்.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே டீச்சர் வீடு. முழங்கால் வலி. படி ஏறவே நேரமானது.

"வா எபினேசர். இந்தத் தடவ என்ன காகிதம்?"

"தெரியல டீச்சர். பெட்டியில கெடந்துச்சு."

அதே நகலை நீட்டினேன். கண்ணாடி போட்டார். வெகுநேரம் பார்த்தார். விரல் அடியில் இருந்த கையெழுத்தின் மேல் நின்றது.

"பழைய லீவு லெட்டர்ப்பா. ஒண்ணுமில்ல. இங்கயே வெச்சிட்டுப் போ."

"இல்ல டீச்சர். எங்கிட்டயே இருக்கட்டும்."

காகிதத்தை உடனே விடவில்லை. இழுத்துத்தான் வாங்கினேன்.

டீச்சர் எனக்குப் படித்துச் சொன்னவை:
அண்ணன் ஆரணியிலிருந்து போட்ட கடிதங்கள்.
சபைக் கமிட்டி நோட்டீஸ்.
வேலை போனதற்கான உத்தரவு.
ரோசியின் ஆஸ்பத்திரிச் சீட்டு. "பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். மூன்று மாதத்தில் என் மனைவி போய்விட்டாள்.

சீட்டு இப்போது என்னிடம் இல்லை. அதில் என்ன எழுதியிருந்ததோ.

ஜூலை 8, செவ்வாய்

மழை கொட்டுகிறது. சோறு மட்டும் வடித்தேன். ரசம் நேற்றையது.

வந்தனா போன். "அங்கிள், நாளைக்கு அந்த சாப்டர் குடுக்கணும். வேற யாரும் இல்லேன்னா ரிப்போர்ட்ல இருக்கறததான் போட முடியும்."

"நில்லும்மா. அன்னிக்கி பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் மட்டும்.

"காகிதத்துல கை வெச்சது மூணு பேரு. ஹெட்மாஸ்டர் பூட்டாரு. நான் கீறேன். இன்னொரு ஆளும் உசுரோட கீது. எழுதிக்கோ. ஸ்டெல்லா டீச்சர்."