நீ யூரியாவும் போட்டாய், மதினி

என் பிரியமான மதினி,

நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. சண்டை போட நீ இல்லாமல் என் கோபமெல்லாம் ஊர்மேல் திரும்பிவிட்டது. ஆனால் இது நியாயமான கோபம். கேள்.

போன மாதம் உன் கத்திரித் தோட்டத்தின் பேரைக் கேட்டு, சோழபுரத்திலிருந்து செல்வி என்று ஒரு பெண் வந்தாள். முதல்முறையாகக் கத்திரி போட்டவள். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு செடி. அடி இலையெல்லாம் மஞ்சள்.

"அக்கா, உங்க மதினி ஒரு பிடி யூரியாகூடப் போட்டதில்லையாமே? நானும் போடல. சாணியத்தான் அம்புட்டு கொட்டினேன். பொறவு ஏன் இப்பிடி வெளுக்குது?"

கொட்டியது மக்காத சாணி. அது மக்கி முடிகிறவரை மண்ணில் உள்ள சத்தையும் செடிக்கு விடாதே! யூரியா கதையை யார் சொன்னது என்று கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகத் திறந்த காய்கறிக் கடையில் உன் படத்தோடு எழுதி வைத்திருக்கிறார்களாம்.

மறுநாளே இராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். கடை வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். அதில் நீ சிரிக்கிறாய். கீழே, 'ரசாயன உரத்தைத் தொடாத கைகள்'. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மூட்டை மூட்டையாகக் கொட்டச் சொன்ன உரக்கடைக்காரரிடம், "எம் மண்ணு என்ன குப்பைத்தொட்டியா?" என்று எகிறியவள் நீ. யூரியாவே விஷம் என்று சொல்ல வந்தவர்களிடம், "செடிக்குப் பசிச்சா நீங்களா வந்து சோறு போடுவீக?" என்று கேட்டவளும் நீதான். நடவுக்கு முன்னால் நன்றாக மக்கிய தொழுவுரம். செடி பிடித்த பிறகு வேப்பம்புண்ணாக்கில் கலந்து கொஞ்சம் யூரியா, அதுவும் பக்கத்துத் தோட்டத்தார் போடுவதில் பாதி. எத்தனை போகம் பார்த்துப் பார்த்து நீ கண்ட அளவு அது!

"அவியளுக்குப் பெருமைதானம்மா? கொஞ்சமாப் போட்டது யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத் தெரியும். நாந்தான் அளந்து குடுத்தேன்."

நாளைக்குக் கழற்றுகிறேன் என்றார். நான் நகரவில்லை. காய் வாங்க வந்தவர்களை நிறுத்தி நிறுத்தி உண்மையைச் சொன்னேன். நாலாவது ஆளிடம் சொல்லும்போது அவரே ஏணியை எடுத்து வந்தார்.

உன்னைச் சாமியாக்கினால்தான் கத்திரிக்காய் விற்குமா? உன் முகத்தை எடுத்துக்கொண்டு உன் அறிவை ஒளித்துவைப்பது என்ன மரியாதை?

வீட்டுக்கு வந்து அண்ணனிடமும் கத்தினேன். "போட்டோ கேட்டாக, குடுத்தேன். ஊரெல்லாம் அவளப் பாக்கட்டுமேன்னு நெனச்சேன்" என்றான். அதற்குமேல் என்ன கத்த?

பிறகு செல்வி தோட்டத்துக்குப் போய் இரண்டு பேருமாக உன் அளவுப்படி புண்ணாக்கும் யூரியாவும் கலந்து வைத்தோம். வரப்போரத்துச் செடிகள் தேறவில்லை. மற்றதெல்லாம் பச்சைக் கொழுந்து விடுகிறதாம். நேற்று போனில் சொல்லிவிட்டு அழுதாள். தப்பு அவளுடையதா, சொல்?

இனி உன்னைப் பற்றி யார் கேட்டாலும் சாணத்தையும் சொல்வேன், யூரியாவையும் சொல்வேன், அளவோடு சொல்வேன். அடுத்த நடவுக்குச் செல்வி வயலில் தொழுவுரத்தை நானே கிளறிப் பார்த்து, மக்கியிருந்தால்தான் போடவிடுவேன். இது சத்தியம்.

என்றும் உன் நாத்தனார்,
பேச்சியம்மாள்