ஒன்பது நவநீதன்கள்

12 ஜனவரி 2026
மருந்துக்கடைக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, "சொல்லுங்க நவநீதன் சார்" என்றார் கடைக்காரர். நான் ஜானகிங்க என்றேன். சார்! எங்கள் தேயிலை எஸ்டேட் சூப்பர்வைசர் நவநீதனுக்கு இது ஒன்றுதான் குறைச்சல்.

நம் நம்பரைப் பதிந்து வைக்காதவர்களுக்கு, சிம் வாங்கியவர் பெயர்தான் இனி திரையில் வருமாம். ஆறு வருஷம் முன்பு ஃபேக்டரி வாசலில் குடை போட்டு சிம் விற்றார்கள். எங்கள் ஆதாரில் பழைய எஸ்டேட் விலாசம், செல்லாது என்றார்கள்; இந்த மகராசன்தான் தன் ஆதாரை நீட்டினான். எங்கள் லைன் வீடுகளில் எட்டுப் பெண்களுக்கு எட்டு, அவனுக்கு ஒன்று. அன்றைக்குக் கும்பிட்டு நன்றி வேறு சொன்னேன். எனக்கு வெட்கமே கிடையாதா?

13 ஜனவரி
குன்னூர் போய் சிம்மை என் பேருக்கு மாற்றணும். நவநீதனிடம் லீவு கேட்டேன். "உனக்கெல்லாம் எதுக்கு லீவு?" என்றான்.

16 ஜனவரி
லைனில் வீடு வீடாக ஒரு பேப்பரோடு வந்தான். "கூரை மாத்தறதுக்கு. கையெழுத்துப் போடு." என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "இங்கிலீஷு. உனக்கெங்க புரியப்போவுது?"

எட்டு வருஷமாக ஒழுகும் கூரை மேல் இன்றைக்கென்ன திடீர்ப் பாசம்? பக்கத்து வீட்டுத் தபித்தாளக்காவும் மற்ற ஆறு பேரும் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. மேனேஜரைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்றேன். மூஞ்சி செத்துப்போனது.

17 ஜனவரி
மேனேஜருக்குப் போன் போட்டேன். புதிதாக வந்த துரை, எங்கள் நம்பரையெல்லாம் எதற்குப் பதிந்து வைக்கப்போகிறார்? நான் வாய் திறக்குமுன்பே:

"என்ன நவநீதன், அந்த ஜானகி கையெழுத்துப் போட்டாச்சா? கூரைக்குன்னு சொன்னா நம்பிடுவாங்கன்னீங்களே. மார்ச்சுக்குள்ள லைன் காலியாகணும், காட்டேஜ் வேலை ஆரம்பிக்கணும்."

சட்டென்று போனை வைத்துவிட்டேன். இந்த ஊட்டுலதானே எம் புள்ள வளந்தா — எங்கள வெளிய தள்ளிட்டு டூரிஸ்ட்டுக்குப் படுக்கை போடுவானாமா? கூரையாம் கூரை. தூ!

18 ஜனவரி
என் போன் பேசுவதையெல்லாம் பதிந்துகொள்ளும், மகள் வைத்துக் கொடுத்தது. தபித்தாளக்கா வீட்டில் ஏழு பேருக்கும் போட்டுக் காட்டினேன். அக்கா அழுதது. பிறகு தன் போனை எடுத்தது.

ஒருத்தர் மாற்றி ஒருத்தர் மேனேஜருக்குப் போட்டோம். "என்ன நவநீதன்?" என்பார். "கையெழுத்தைத் திருப்பிக் குடுங்க, இல்லாட்டி நீங்க பேசுனத லேபர் ஆபீஸ்ல போட்டுக் காட்டுவோம்" என்போம். நாலாவது நவநீதனுக்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

20 ஜனவரி
பேப்பர்கள் வந்துவிட்டன. ஏழு கையெழுத்தையும் கிழித்து அடுப்பில் போட்டோம்.

22 ஜனவரி
வாசலில் நவநீதன். "ஏனுங்க ஜானகிம்மா, எம் பேரு வந்தாலே மேனேஜர் கட் பண்றாருங்க. நான் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேங்கறாருங்க. சிம்மை உங்க பேருக்கு மாத்திக்குங்க. நாளைக்கே லீவு போட்டுத் தர்றனுங்க."

ஆறு வருஷத்தில் இத்தனை மரியாதையை அந்த வாயில் கேட்டதில்லை.

மார்ச்சுக்குள்ள பார்க்கலாம் என்றேன்.