எட்டு வாரத்துக்கு எட்டுக் குட்டி

மார்ச் 3, திங்கள்

இன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்கள்: நான். என் மகன். மருமகள். என் நாத்தனார், அதாவது செத்துப்போன என் வீட்டுக்காரருடைய தங்கை. மூட்டை இறக்க வந்த தீவனக்கடைக்காரர். அப்புறம் எங்கள் தாய்ப்பன்றி பெரியவள், அவள் ஈன்று பத்து நாள் ஆன பத்துக் குட்டிகள். நாளைக்கு யாரும் "நான் அங்க இல்லவே இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான் ஒருத்தர் விடாமல் எழுதி வைக்கிறேன். பேத்தி பாதியில் விட்ட நோட்டு, மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஞாபகம் கோணாது.

மகன் எல்லார் முன்னாலும் சொன்னது: "குட்டிங்களுக்கு எட்டு வாரம் ஆகற வரைக்கும் பாப்பேன்மா. எட்டுக் குட்டியாவது நிக்கணும். இல்லேன்னா கொட்டகையை இடிச்சிட்டு என் லாரியை அங்க நிறுத்திடுவேன். பெரியவளையும் குடுத்துடலாம்." சொன்ன கையோடு டேப்பை இழுத்துச் சுவருக்குச் சுவர் அளந்தான். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு கிடக்கிறவள் முதுகு மேலேயே டேப்பைப் போட்டு அளந்தான். அவனை வயிற்றில் சுமந்தவள் நான் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

போன ஈற்றில் ஒன்பது. பால் மறக்கடித்த வாரத்தில் கழிச்சல் கண்டு ஆறு போயிற்று. "எல்லாத் தீவனமும் ஒண்ணுதாம்மா, மூட்டை கலர்தான் வேற" என்று பெரிய பன்றிக்குப் போடுகிற சிவப்பு மூட்டையை என் தலையில் கட்டியவர் இதே கடைக்காரர்தான். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையைக்கூடச் சொல்வேன். இன்றைக்கு அவரே பச்சை மூட்டையை இறக்கிவிட்டு, "இது குட்டிங்களுக்குன்னே வர்றதும்மா, பால் பவுடர் எல்லாம் போட்டிருக்கு" என்கிறார்.

"அப்ப போன தடவை உங்க கண்ணை யாருக்காவது இரவல் குடுத்திருந்தீங்களா?" என்று கேட்டேன். தண்ணீர் கூட வாங்கிக் குடிக்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மருமகள் கால்நடை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். மூலையில் பலகை அடைத்து, அடியில் ஒரு சாண் சந்து விட்டிருக்கிறாள். குட்டி நுழையலாம், தாய் நுழைய முடியாது. உள்ளே ஒரு குண்டு பல்பு, ஒரு ரப்பர் பாய். பாய் மேல் பச்சை மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி. பத்து வாய்க்கு ஒரே ஒரு கைப்பிடி. அவள் அந்தப் பக்கம் போனதும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுப் பார்த்தேன். இனிப்பு. பிஸ்கட் தூள் மாதிரி இருக்கிறது. இதைத் தின்னாத குட்டி குட்டியா?

மார்ச் 4

தின்னவில்லை. எல்லாம் அதன் மேல் ஏறிப் படுத்துத் தூங்குகின்றன.

மார்ச் 6, வியாழன்

தின்றுவிட்டது. ஒரு குட்டி. என் கண்ணால் பார்த்தேன். முதலில் மூக்கால் உழுதது, பிறகு ஒன்றை வாயில் போட்டுத் துப்பியது, பிறகு துப்பியதையே தேடித் தின்றது. "வாங்க, எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டேன். நாத்தனார் கையில் சோப்பு நுரையோடு ஓடிவந்து, "என்ன அண்ணி, யாரு விழுந்தா?" என்றாள். தின்கிறது என்றேன். "இதுக்கா?" என்று திரும்பிப் போய்விட்டாள். இவளுக்கு ரசனை கிடையாது. அவள் அண்ணனுக்கும் கிடையாது.

மருமகள் மட்டும் வந்து பக்கத்தில் குந்தினாள். அது தின்று முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மார்ச் 9, ஞாயிறு

எல்லாக் குட்டிக்கும் முதுகில் சாயப் புள்ளி வைத்துப் பேர் இட்டாயிற்று. மருமகள் ஒன்று இரண்டு என்று எண் போடலாம் என்றாள். எண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? எனக்குத் துரோகம் செய்தவர்கள் என்றால்தான் எனக்கு மறக்கவே மறக்காது. எனவே எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போகிறவன் கண்டக்டர். ஏழு மாத வயிறு என்றும் பார்க்காமல் என்னை ஒரு ஸ்டாப் தள்ளி இறக்கிவிட்டவர். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. எதைக் கண்டாலும் கடித்து இழுக்கிறவள் தையல்காரி. என் நல்ல துணியில் ஒரு முழத்தை முழுங்கினவள். இருக்கிறதிலேயே சின்னது, மடிக்கு இடம் கிடைக்காமல் வெளியே நிற்கிறது. அது வாத்தியார். என்னை எத்தனை நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். நிற்கட்டும்.

ஓயாமல் தின்று எல்லாரையும் விடப் பெரிதாக இருக்கிறது ஒன்று. அதற்கு சம்பந்தி என்று வைத்தேன். மருமகளுடைய அம்மா. இந்த வீட்டு வாசலில் முதல் தடவை கால் வைத்தபோது கைக்குட்டையால் மூக்கை மூடினவள். ஆனால் அதே மூக்கோடு இரண்டு தட்டு சாப்பிட்டாள். மருமகளுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். நாத்தனார் போட்டுக் கொடுத்துவிட்டாள். மருமகள் குட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கண்ணு கூட அம்மா மாதிரியே இருக்கு அத்தை" என்று சிரிக்கிறாள்.

மார்ச் 14

ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக. மிஞ்சினதைக் கூட்டி எடுத்துப் பெரியவளுக்குப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுகிறோம். பழசாகிவிட்டால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை, நவாப் வீட்டுப் பிள்ளைகள். வாத்தியாருக்கு மட்டும் நான் வெந்நீரில் நனைத்து விரலில் தடவி ஊட்டினேன். விரலைச் சப்பினார். பிறகு கடித்தார். பல் நன்றாக இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

இன்றைக்குப் பால் மறக்கடித்தோம். பெரியவளைக் கொட்டகையின் கடைசி அறைக்கு மாற்றிவிட்டோம். முப்பது நாள். பத்தும் உயிரோடு. பத்தும். மகன் எண்ணிப் பார்த்துவிட்டு, "இனிமேதான் இருக்கு கதை" என்றான். அவன் வாயில் நல்ல வார்த்தையே வராது.

மார்ச் 24, திங்கள்

நாளெல்லாம் கத்தல். அம்மா அம்மா என்று கத்துவது போலவே இருக்கிறது. மருமகள் அதே கைக்கணக்குத்தான் போடுகிறாள். "முதல் மூணு நாள் வயிறு காஞ்சாலும் பரவாயில்லை அத்தை, நிறைஞ்சாத்தான் ஆபத்து." இது என்ன நியாயம்? தாயைப் பிடுங்கிவிட்டுச் சோற்றிலும் கை வைப்பதா? ஐந்து பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பிள்ளை பெற்றவள் பாடம் எடுக்கிறாள்.

மதியம் அவள் கடைத்தெருவுக்குப் போனாள். நான் பெரியவளுடைய தவிட்டில் பசும்பாலை ஊற்றிப் பிசைந்து தொட்டி விளிம்பு வரைக்கும் வைத்தேன். என்ன ஒரு காட்சி. பத்து வாலும் ஒரே பக்கம் சுருண்டு ஆடுகிறது. சளப் சளப் என்று சத்தம். சம்பந்தி தொட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டாள். அரை மணியில் எல்லாம் வயிறு பானை மாதிரி ஆகி ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்துவிட்டன. கத்தல் நின்றது. எத்தனை நாளைக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷம். யாருக்கும் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 25

விடிந்ததும் நாற்றம். மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி. ஐந்து குட்டி எழுந்திருக்கவில்லை.

தொட்டியில் மிச்சம் புளித்துக் கிடந்தது. நுரை தட்டியிருந்தது. நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன், ஆனால் கழுவ ஓடவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார். தொட்டியைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, "தவிடு யார் வெச்சது?" என்று கேட்டார். மகன் இருந்தான். நாத்தனார் இருந்தாள். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள்,

"நான்தான் டாக்டர்," என்றாள் மருமகள். "கத்துச்சேன்னு கொஞ்சம் வெச்சேன். தப்புதான்."

மகன் அவளை நாத்தனார் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கினான். "வகுப்புக்குப் போய் என்னத்தைக் கிழிச்சே? அம்மாவாவது பாத்துப் பாத்துச் செய்றாங்க." அவள் குனிந்து தொட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் திறந்த வாயை மூடிவிட்டேன். ஏன் மூடினேன்?

மார்ச் 26

சம்பந்தி போய்விட்டாள். அதிகம் தின்றது அவள்தான். மருமகள் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள்.

தீவனம் கிடையாது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்தான், டாக்டரம்மா கொடுத்த மருந்தோடு. நானும் அவளும் ஆளுக்கு இரண்டு குட்டியை மடியில் போட்டு ஊற்றுகிறோம். இன்னும் இரண்டு போனால் கொட்டகை போயிற்று.

மார்ச் 27

நேராகக் கேட்டுவிட்டேன். "எதுக்குடி அப்படிச் சொன்னே?"

"அவர் என்னைத் திட்டினா சாயங்காலத்துக்குள்ள மறந்துடுவார் அத்தை. உங்களுக்கு வயசாயிடுச்சு, இனிமே வேண்டாம்னு அவர் மனசுல விழுந்துச்சுன்னா அன்னிக்கே சுவரை இடிச்சிடுவார்."

அவ்வளவுதான். மருந்துப் புட்டியைக் குலுக்கிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 29, சனி

சாணி கெட்டிப்பட்டது. நாலு குட்டிக்கும். படித்த பிள்ளையின் மார்க்கைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். கடைக்காரர் அவராகவே வந்து ஒரு பை பச்சைத் தீவனம் வைத்துவிட்டு, "இது போன தடவைக்கும்மா" என்றார். போன தடவைக்கு ஆறு குட்டி போச்சு, ஒரு பைதானா என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. இந்த வாரம் கேட்கிற நிலையில் நான் இல்லை.

ஏப்ரல் 2

ஒன்பதும் ஓடுகின்றன. சும்மா, காரணமே இல்லாமல், ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு. வாத்தியார் வாளியை உதைத்துக் கவிழ்த்துவிட்டு என்னையே பார்க்கிறார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது. தண்ணீர் வாளி, தொட்டி, பாய், எல்லாவற்றையும் தினம் இரண்டு தடவை நானே தேய்க்கிறேன். யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அடுத்த தீவனம். மஞ்சள் மூட்டை. ஒரேயடியாக மாற்றக் கூடாது. பச்சை மூன்று பங்கு, மஞ்சள் ஒரு பங்கு. இரண்டு நாள் கழித்துப் பாதிக்குப் பாதி. பிறகு மஞ்சள் மூன்று, பச்சை ஒன்று. மூட்டையில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மக்காச்சோளம், சோயா, மீன்தூள். மீன்தூளை நாக்கில் போடாமலே தெரிந்துகொண்டேன்.

கலந்து முடித்ததும் மருமகளைக் கூப்பிட்டேன். "அளவு சரியா பாரு." அவள் பார்த்துவிட்டு, "ஒரு கை கம்மி பண்ணலாம் அத்தை" என்றாள். ஒரு கை எடுத்தேன். அப்புறம் இன்னும் கொஞ்சமும் எடுத்தேன்.

ஏப்ரல் 14

முழுக்க மஞ்சள். ஒரு சின்னக் கழிச்சல்கூட இல்லை. நாத்தனாரைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினேன். "அண்ணி, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள். ஆனால் நின்று பார்த்தாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

எட்டு வாரம். கடைக்காரர் தொங்கு தராசைக் கொண்டுவந்து உத்தரத்தில் மாட்டினார். ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டுத் தூக்கினோம். கத்துகிற கத்தலில் தெருவே கூடியிருக்கும். கண்டக்டர் பதினேழு கிலோ. தையல்காரி பதினாறு, சாக்கையும் கொஞ்சம் தின்றுவிட்டாள். வாத்தியார் பதினொன்றரை. பதினொன்றரை என்று இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

மகன் ஒன்பது என்று எண்ணினான், திரும்பவும் எண்ணினான். "சரிம்மா. லாரி வெளியவே நிக்கட்டும்" என்றான். பிறகு என் தோளைத் தட்டி, "எல்லாம் உன் கைதான். இவளை நம்பியிருந்தா அன்னிக்கே எல்லாம் போயிருக்கும்" என்றான்.

அவள் தராசின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "டேய், தவிடு வெச்சது நான். பாலை ஊத்தி விளிம்பு வரைக்கும் வெச்சது நான்தான். அந்தக் குட்டி செத்தது என்னாலதான். அவ சும்மா பழியை வாங்கிக்கிட்டா" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் என் வாயால் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மகன் சிரித்தான். "ஏம்மா, அவளுக்காக நீ பொய் சொல்லணுமா?"

"அண்ணியா? தப்பா?" என்றாள் நாத்தனார். "சூரியன் மேற்கால உதிக்கட்டும், அப்ப நம்புறேன்." கடைக்காரர் கூடச் சிரித்தார்.

நீயாவது சொல்லுடி என்று மருமகள் பக்கம் திரும்பினேன். "விடுங்க அத்தை, எல்லாம் நல்லா இருக்குதுல்ல" என்று தராசைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, குட்டிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

கடைக்காரரை இன்றைக்கு மன்னித்துவிட்டேன். டேப்பைப் பெட்டியில் போட்டான் என்பதால் மகனையும். நாத்தனாரைப் பாதி. ஆனால் எனக்கென்று இருந்த ஒரே ஒரு தப்பையும் எடுத்துத் தன் பேரில் போட்டுக்கொண்டு, நான் திருப்பிக் கேட்டபோதும் தராதவள் ஒருத்தி இருக்கிறாள். அவளை மன்னிக்க மாட்டேன். என் மருமகள்.