குரல் தளர்ந்த இடம்

புரட்டாதி 9, வியாழன்.

பின்னேரம் மகள் போனில ஒரு இங்கிலீசுக் காதல் பாட்டு அல்பத்தைப் போட்டாள். அலுமாரிக்குள்ள கிடந்த கசெற் உறையைப் பாத்துத் தேடிப் பிடிச்சிருக்கிறாள்.

"அம்மா, அப்பாவின்ர பாட்டு இதுதானே?"

ஓம், இதுதான். சண்டைக் காலத்தில கிளிநொச்சியில கரண்ட் இல்லை. இவர் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்துவார். டைனமோக் கரண்டில கசெற் பாடும். ஒவ்வொரு பாட்டும் முடியேக்க பாடுறவன்ர குரல் தளர்ந்து கனத்துப் போகும். அவனுக்கு என்ன துக்கமோ எண்டு நான் கண் கலங்குவன். இவர் என்னைப் பாத்துச் சிரிப்பார், அடுத்த பாட்டுக்குக் கையை மாத்துவார்.

இண்டைக்கு அந்த இடத்துக்காகக் காத்திருந்தன். குரல் தளரவேயில்லை. பிழையான பாட்டைப் போட்டிட்டாய் எண்டு மகளோட கோவத்தில பாஞ்சன். அவள் திரும்பவும் போட்டாள். அப்பவும் அப்பிடித்தான்.

களைச்சது பாடினவன் இல்லை. இவரின்ர கை.

இவர் காணாமல் போய் இத்தனை வருசத்தில தேடாத இடமில்லை. இதை ஆரிட்டக் கேக்கிறது? கை நோகுதெண்டு ஒருக்கால் சொல்லியிருந்தால் நான் சுத்தியிருப்பனெல்லோ.